ஒரு பிடி அரிசியின் கணக்கு

உலையில் போட அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்து, அடுப்படி மூலையில் இருக்கும் சிறு பானையில் போட்டுவைக்கும் வழக்கம் தமிழ்நாட்டுக்குப் பழையது. பசி என்று வாசலில் நின்றவருக்கு, கோயிலுக்கு, மடத்துக்கு என்று அந்த அரிசி பல வழிகளில் போயிருக்கிறது. விருதுநகரில் அது பள்ளிக்கூடத்துக்குப் போனது. ஊருக்கு விருதுப்பட்டி என்று பெயர் இருந்த காலத்தில், 1880களில், அங்கிருந்த நாடார் சமூகத்தார் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். படிக்க வந்த பிள்ளைகளிடம் சம்பளம் வாங்கவில்லை. வீடு வீடாகத் திரட்டிய பிடி அரிசி அந்தச் செலவைத் தாங்கியது. கடைவீதியில் வாங்கி விற்கும் சரக்கின் மேல் வணிகர்கள் தாங்களாகவே விதித்துக்கொண்ட மகமை என்ற சிறு தொகை ஊரின் மற்றப் பொதுக் காரியங்களைப் பார்த்துக்கொண்டது. 1903இல் பிறந்து ஆறு வயதில் தந்தையை இழந்த காமராஜர் படித்த பள்ளி இதுதான். அன்றாடக் கருணையைப் பற்றி இன்றைய உளவியல் சொல்வதைச் சோதித்துப் பார்க்க இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை. கருணையை உணர்ச்சியாக மட்டும் வைத்துக்கொள்ளாமல் அளந்து, எடுத்துவைத்து, கணக்கெழுதிய ஊர் அது.

முதலில் அரிசியின் கணக்கு. ஒரு பிடி 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஒரு பிடி என்றால் மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. 400 வீடுகள் சேர்ந்தால் 600 கிலோ. சோற்றுப் பானையில் 50 கிராம் குறைந்ததை வீட்டில் உள்ளவர்கள் உணரக்கூட மாட்டார்கள். 600 கிலோ அரிசி வந்து இறங்கியதைப் பள்ளிக்கூடம் உணராமல் இருக்க முடியாது. கொடுக்கும் கைக்கு ஏறத்தாழ ஒன்றுமில்லாதது பெறும் கைக்குப் பெரிதாகிறது. இந்த ஏற்றத்தாழ்வு அரிசிக்கு மட்டும் உரியதா, மனசுக்கும் பொருந்துமா என்ற கேள்விக்குக் கடந்த இருபது ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் ஓரளவு தெளிவாகவே பதில் சொல்கின்றன.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எலிசபெத் டன், லாரா ஆக்னின், மைக்கேல் நார்ட்டன் மூவரும் செய்து 2008இல் வெளியிட்ட சோதனை மிக எளிமையானது. காலையில் 46 பேரிடம் ஆளுக்கு ஓர் உறை தந்தார்கள். சில உறைகளில் 5 டாலர், சிலவற்றில் 20 டாலர். பாதிப் பேர் அன்று மாலைக்குள் அதைத் தமக்காகச் செலவழிக்க வேண்டும், மீதிப் பேர் இன்னொருவருக்காகச் செலவழிக்க வேண்டும். மாலையில் கேட்டபோது மற்றவருக்காகச் செலவிட்டவர்களே கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். என்னை நிறுத்தி யோசிக்கவைப்பது அடுத்த முடிவு: தொகை 5 டாலரா 20 டாலரா என்பது எந்த வேறுபாட்டையும் உண்டாக்கவில்லை. வேறு ஒரு குழுவிடம் எது அதிக மகிழ்ச்சி தரும் என்று முன்கூட்டிக் கேட்டபோது, பெரும்பாலோர் தனக்குச் செலவிடுவதே, அதிலும் 20 டாலரே என்று தவறாகக் கணித்தார்கள். 46 பேர் போதாதே என்று கேட்பது நியாயம். ஆய்வாளர்களுக்கும் அந்தக் கவலை இருந்தது. 2020இல் ஆக்னின் குழு, எதை எதிர்பார்க்கிறோம் என்று முன்னதாகவே பதிவுசெய்துவிட்டு, 712 மாணவர்களைக் கொண்டு இதே வகைச் சோதனையைத் திரும்பச் செய்தது. தனக்கென வாங்கியவர்களைவிட, நோயுற்ற குழந்தைக்கென ஒரு பரிசுப்பை வாங்கியவர்களின் மனம் நிறைந்திருந்தது.

கொடுப்பவர் தன் மகிழ்ச்சியைத் தவறாகக் கணிக்கிறார். பெறுபவரின் மகிழ்ச்சியையும் அப்படியே தவறாகக் கணிக்கிறார் என்பதை அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் 2022இல் காட்டினார்கள். குளிர்காலத்தில் சிகாகோவின் பனிச்சறுக்குத் திடலுக்கு வந்தவர்களுக்குச் சூடான சாக்லேட் பானம் இலவசமாகத் தரப்பட்டது. விரும்பினால் அதைத் தாங்களே குடிக்கலாம், அல்லது முன்பின் தெரியாத ஒருவருக்குக் கொடுக்கலாம். கொடுத்தவர்கள், ஒரு கோப்பைக்கு என்ன பெரிய மதிப்பு இருந்துவிடப் போகிறது என்றே நினைத்தார்கள். வாங்கியவர்கள் அதைவிடப் பல படி உயர்வாக மதித்தார்கள். கொடுப்பவரின் கண் பொருளைப் பார்க்கிறது. பெறுபவரின் மனம் தன்னை ஒருவர் நினைத்தார் என்பதைப் பார்க்கிறது. சித்திரை வெயிலில் சாத்தூர்ச் சாலையில் நீட்டப்படும் ஒரு டம்ளர் நீர்மோருக்கும் இது பொருந்தும். நாம் கருணை காட்டாமல் விடுவதற்குப் பெரும்பாலும் கல்நெஞ்சம் காரணமல்ல. ‘இதனால் என்ன ஆகிவிடப் போகிறது’ என்ற பிழையான மதிப்பீடே காரணம். பிடி அரிசிப் பானை அந்த மதிப்பீட்டுக்கே இடம் தரவில்லை. கொடுக்கலாமா வேண்டாமா என்று நாள்தோறும் யோசிக்க வேண்டியதில்லை. அரிசி அளந்தால் ஒரு பிடி போக வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே முதல் மறுப்பு எழும். இந்த ஆய்வுகள் சொல்லும் பலன் உண்மையில் எவ்வளவு? ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஆலிவர் ஸ்காட் கரியும் சக ஆய்வாளர்களும் 27 சோதனைகளை, அவற்றில் கலந்துகொண்ட 4,000க்கும் மேற்பட்டோரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2018இல் விடை சொன்னார்கள். பலன் உண்டு, ஆனால் சிறியது. அவர்கள் கண்ட அளவை எளிய பேச்சில் சொன்னால் இப்படி: கருணைச் செயல் செய்தவர் ஒருவரையும் செய்யாதவர் ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி எடுத்தால், 100 தடவையில் 58 தடவை முன்னவர் கூடுதல் மகிழ்ச்சியோடு இருப்பார். எந்த வேறுபாடும் இல்லையென்றால் அது 50 தடவையாக இருக்கும். அன்பாக இருங்கள், கவலையெல்லாம் பறந்துவிடும் என்று மேடையில் முழங்குவோர் இந்த எண்ணைச் சொல்வதில்லை. சோன்யா லியுபோமிர்ஸ்கி குழுவின் இன்னொரு முடிவு பிடி அரிசிக்கே எதிராக நிற்பதுபோலத் தோன்றும். ஆறு வாரங்களுக்கு வாரம் ஐந்து நற்செயல்கள் செய்யச் சொன்னபோது, ஐந்தையும் ஒரே நாளில் செய்தவர்களின் மகிழ்ச்சிதான் கூடியது. வாரம் முழுக்கப் பரப்பிச் செய்தவர்களுக்கு அது கூடவில்லை. சிறு செயல்கள் அன்றாடத்தில் கரைந்து, செய்தவருக்கே தெரியாமல் போய்விடுகின்றன.

இரண்டையும் நான் ஏற்கிறேன். ஆனால் இவை அளப்பது கொடுப்பவரின் மகிழ்ச்சியை. பானையில் அரிசி போட்ட பெண் அன்று மாலை மகிழ்ச்சியாக இருந்தாளா என்பது பள்ளிக்கூடத்தின் கேள்வி அல்ல. பிள்ளை படித்தானா என்பதே கேள்வி. கருணையை மனநலத்துக்கான மாத்திரை என்று விற்கத் தொடங்கியதில்தான் பிழை இருக்கிறது. மாத்திரையாகப் பார்த்தால் அதன் வீரியம் குறைவு. ஒரு கூட்டத்தாரின் பழக்கமாகப் பார்த்தால் 50 கிராம் 600 கிலோ ஆகும் கணக்கு அதற்கும் உண்டு. கொடுப்பவருக்குத் தெரியாமல் கரைந்துபோவது அங்கே குறையாக இருக்கத் தேவையில்லை. கரைந்துபோவதால்தான் அலுப்புத் தட்டாமல் ஆண்டுக்கணக்கில் தொடர முடிகிறது. மாட்ரிட் நகரத்து அலுவலகம் ஒன்றில் சிலரை மட்டும் தேர்ந்தெடுத்து, குறிப்பிட்ட சக ஊழியர்களுக்குச் சின்னச் சின்ன உதவிகள் செய்யச் சொன்ன ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. உதவி பெற்றவர்கள், யாரும் சொல்லாமலே, மற்றவர்களுக்குக் கணிசமாகக் கூடுதலான உதவிகளைச் செய்யத் தொடங்கியிருந்தார்கள். கொடுத்தவரின் மகிழ்ச்சியை மட்டும் அளந்திருந்தால் இந்தப் பகுதி கணக்கில் வந்திருக்காது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. பிடி அரிசியும் மகமையும் ஒரு சாதியார் தமக்குள் செய்துகொண்ட உதவிதானே? தன் ஆட்களிடம் அன்பாக இருப்பது எல்லாக் குழுக்களுக்கும் எளிது, அதில் அறத்தைத் தேடலாமா? கோயிலுக்குள்ளும் பள்ளிக்குள்ளும் விடாமல் தள்ளிவைக்கப்பட்ட சமூகம் தனக்கென ஒரு பள்ளி கட்டிக்கொண்டதை ஆதிக்கம் செய்தவர்களின் சலுகைக் கூட்டத்தோடு ஒப்பிட முடியாது என்பது என் முதல் பதில். ஆனாலும் கேள்வியின் சாரம் சரியானது. வேலி தாண்டாத கருணை பாதிக் கருணைதான். 1954இல் முதலமைச்சரான காமராஜர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, செலவின் ஒரு பகுதியை அரசும் ஒரு பகுதியை அந்தந்த ஊராரும் ஏற்றார்கள். சிறுவயதில் பார்த்த பானையே அதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இரண்டின் அமைப்பும் ஒன்றே என்பதை மறுக்க முடியவில்லை. ஒவ்வொரு வீடும் கொஞ்சம், அது பிள்ளைகளின் வயிற்றுக்கும் படிப்புக்கும். இந்த முறை எந்தச் சாதி என்று கேட்காமல்.

இதுவரை அரிசி. விருதுநகரிலிருந்து தென்மேற்கே சிவகாசிக்குப் போனால் கருணைக்கு வேறொரு வேலை காத்திருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்ததில் தொடங்கி, இன்று நாட்டின் பட்டாசில் மிகப் பெரும் பங்கைச் செய்யும் பகுதி இது. சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் என்று பரந்து கிடக்கும் ஆலைகளில் ஒவ்வொரு அறையும் தள்ளித் தள்ளித் தனியாக நிற்கும். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. நைலான், பாலியெஸ்டர் துணி ஆகாது, பருத்திதான். வாசலில் செம்புத் தகடு, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இவை சும்மா போட்ட விதிகள் அல்ல. காய்ந்த நாளில் செயற்கை இழைத் துணியோடு நடக்கும் ஒருவர் உடலில் பல ஆயிரம் வோல்ட் நிலைமின்சாரம் சேரலாம். ஏறத்தாழ 3,000 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் விரல்நுனியில் பொறி பறப்பதை நாம் உணர்வதுகூட இல்லை. நாம் உணராத பொறியைச் சில வெடிமருந்துக் கலவைகள் உணரும். அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் வேறு வகை ஆபத்து. வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே மெல்ல மெல்லச் சூடேறும். மீந்த மருந்தை மறுநாளுக்கு வைக்காதே என்பதும், வெயில் ஏறுமுன் கலவை வேலையை முடித்துவிடு என்பதும் இதனால்தான்.

இப்படிப்பட்ட இடத்தில் ‘நல்லதையே நினை’ என்று சொல்வது அபத்தம் அல்லவா என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டும். குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும் என்று நம் பழமொழி சொல்வதை, ராய் பாமைஸ்டரும் மூன்று சக ஆய்வாளர்களும் 2001இல் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்து உறுதிசெய்தார்கள். நல்லதைவிடக் கெட்டது மனசில் ஆழமாக விழுகிறது, நீண்ட நாள் தங்குகிறது. பாராட்டு மறந்துபோகும், ஏச்சு மறக்காது. புதரில் அசைந்தது காற்றுதான் என்று நம்பியவர்களைவிடப் புலி என்று பயந்தவர்களே பிழைத்து நமக்கு முன்னோர் ஆனார்கள் என்பது இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். பட்டாசு அறையில் இந்தப் பயம் குறையே அல்ல, அது உயிர்க்கவசம். ஒன்றும் ஆகாது என்ற நல்லெண்ணம்தான் அங்கே பெரிய ஆபத்து. தீபாவளி நெருங்கும்போது, துண்டுக்கணக்கில் கூலி வாங்கும் கைகள் வேகமெடுக்கும்போது, அந்த நல்லெண்ணம் எல்லோர் மனசிலும் சொல்லாமலே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆனால் நல்லதைக் கவனிப்பதற்கு இன்னொரு பொருள் உண்டு. விபத்து நடந்த நாள் நாளிதழின் முதல் பக்கத்துக்கு வருகிறது. நூற்றுக்கணக்கான ஆலைகளில் ஆயிரக்கணக்கான அறைகள் காலையில் திறந்து மாலையில் பத்திரமாகப் பூட்டப்படும் நாளுக்குச் செய்தியே கிடையாது. அந்த நாள் தானாக வருவதில்லை. தரையில் சிந்திய பவுடரை ஒருவர் அப்போதே துடைக்கிறார். பாலியெஸ்டர் சேலையில் வந்தவரை இன்னொருவர் வாசலிலேயே நிறுத்துகிறார். பக்கத்தில் இருப்பவரின் கை நடுங்குவதைப் பார்த்து, ‘அக்கா, நீங்க செத்த நேரம் வெளியே உக்காருங்க’ என்று ஒருவர் சொல்கிறார். டென்மார்க்கைச் சேர்ந்த பாதுகாப்பியல் அறிஞர் எரிக் ஹோல்நாகல் பல ஆண்டுகளாக வலியுறுத்துவது இதைத்தான்: தவறிய ஒரு நாளைத் துருவுவதோடு நில்லாமல், தவறாத ஆயிரம் நாட்களில் யார் என்ன செய்தார்கள் என்பதையும் படிக்க வேண்டும். நல்லதில் கவனம் என்பதற்கு நான் தரும் பொருள் இதுதான். கெட்டதிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொள்வது அல்ல. கெட்டது நேராமல் தடுத்த கையை அடையாளம் கண்டு, பெயர் சொல்லி, நன்றி சொல்வது. கெட்டது தானே மனசில் ஒட்டிக்கொள்ளும், நல்லதை முயன்றுதான் ஒட்டவைக்க வேண்டும்.

அந்த நன்றி வெறும் மரியாதை அல்ல என்பதற்கு மருத்துவமனைகளிலிருந்து ஒரு சான்று இருக்கிறது. 1990களில் ஏமி எட்மண்ட்சன் அமெரிக்காவின் மருத்துவமனைப் பிரிவுகளில், நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள செவிலியர் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்து ஆராய்ந்தார். வந்த எண்கள் தலைகீழாக இருந்தன. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. நல்ல குழுக்கள் அதிகம் தவறு செய்யவில்லை, செய்த தவறை மறைக்காமல் சொன்னார்கள் என்பது அவர் கண்ட விளக்கம். ஏச்சு விழும் இடத்தில் தவறுகள் ஏட்டில் குறையும், படுக்கையில் குறையாது. சிவகாசி அறைக்கு இதைக் கொண்டுவந்து பாருங்கள். ‘அண்ணாச்சி, மருந்து லேசா சுடுறாப்ல இருக்கு’ என்று ஒரு தொழிலாளி போர்மேனிடம் சொல்ல வேண்டும். முன்பு ஒருமுறை சொன்னதற்கு, ‘வேலைக்குச் சோம்பிக்கிட்டுக் கதை சொல்லாதே’ என்று பேச்சு வாங்கியிருந்தால் இன்று அவர் சொல்ல மாட்டார். போர்மேனின் கடுமை அவரை வேகமாக வேலை செய்யவைத்திருக்கலாம், ஆனால் கலவையின் வெப்பத்தைப் பற்றி ஆலைக்கு இருந்த ஒரே தகவல் வழியை அது அடைத்துவிட்டது. அந்த அறையில் மனிதக் கையைவிட நம்பகமான வெப்பமானி வேறு இல்லை.

கருணை, நன்றி என்று பேசி, சட்டமும் கூலியும் செய்ய வேண்டியதைத் தொழிலாளியின் நல்ல மனசின் தலையில் கட்டுகிறீர்களா என்று கேட்பவரை நான் மதிக்கிறேன். தீப்பெட்டி ஆலைகளில் பிள்ளைகள் வேலை செய்த கொடுமை கருணைப் பேச்சால் குறையவில்லை. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கு, 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் என்று முதலாளிகள் மேல் விழுந்த பொறுப்பு, பள்ளிகள், அதிகாரிகளின் சோதனை ஆகியவற்றால் குறைந்தது. வெடிபொருள் விதிகளை மீறி ஓர் அறையில் பத்துப் பேரை உட்காரவைக்கும் முதலாளி, தீபாவளிக்கு எத்தனை பெட்டி இனிப்புக் கொடுத்தாலும் அது கருணை ஆகாது. ஆனால் சட்டத்தின் கண் அறைக்குள் எல்லா நாளும் இருப்பதில்லை. அதிகாரி வந்துபோகும் நாட்களுக்கு இடையில் விதியை உயிரோடு வைத்திருப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் வாய்தான்.

கருணைக்குப் பயிற்சி தேவை என்பதையும் இந்த மண் கொடூரமாகச் சொல்லியிருக்கிறது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் ஆலை ஒன்று வெடித்ததில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்ல. முதல் வெடிச் சத்தம் கேட்டு, காப்பாற்றவும் பார்க்கவும் சுற்றூர்களிலிருந்து ஓடிவந்தவர்கள். அடுத்து வெடித்தபோது அவர்கள் பக்கத்தில் நின்றிருந்தார்கள். ஓடிவந்த மனசில் ஒரு குறையும் இல்லை. பட்டாசுத் தீ ஒரே முறை வெடித்து அடங்குவதில்லை, அறைக்கு அறை தாவும் என்பதை, எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதை, யார் உள்ளே போகலாம் யார் போகக் கூடாது என்பதை அவர்களுக்கு யாரும் பழக்கியிருக்கவில்லை. ஊர்ப் பள்ளிகளில் இதை ஆண்டுக்கு ஒருமுறையாவது சொல்லிக்கொடுத்தால், அடுத்த தடவை அதே மனசு கயிறு கட்டிக் கூட்டத்தைத் தள்ளிநிறுத்தும், ஆம்புலன்சுக்கு வழிவிடும்.

பேச்சு கடைசியில் கூலிக்குத்தான் வந்து நிற்கிறது. மருந்து சுடுகிறது என்று ஒருவர் சொன்னதும் போர்மேன் வேலையை நிறுத்திவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். நான்கு பேரும் எழுந்து வெளியே போய் வேப்பமர நிழலில் உட்காருகிறார்கள். துண்டுக்கணக்குக் கூலியில் அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பைசா கிடையாது. சொன்னவர் தன் கூலியை மட்டும் இழக்கவில்லை, மற்ற மூவரின் கூலியையும் இழக்கவைத்தார். அடுத்த முறை அவர் யோசிப்பார். கருணை எங்கே முடிகிறது, ஏற்பாடு எங்கே தொடங்க வேண்டும் என்பது இந்த நிழலில் தெரிகிறது. அந்த ஏற்பாட்டுக்கு வெளியூரில் தேட வேண்டியதில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று சரக்கின் மேல் மகமை எடுத்துப் பொதுக்காரியம் நடத்திய பகுதி இது. ஆலையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு பட்டாசுப் பெட்டிக்கும் சில காசுகளை எல்லா ஆலைகளும் ஒரு பொதுப் பானையில் போடட்டும். சந்தேகத்தின் பேரில் வேலை நின்ற நேரத்துக்கு, அந்த அறையில் இருந்த நால்வருக்கும் அதிலிருந்து கூலி போகட்டும். கலவையைச் சோதித்துப் பார்த்து, அதில் ஒரு கோளாறும் இல்லை என்று தெரிந்தாலும் அந்தக் கூலி வெட்டப்படக் கூடாது. சொன்னவர் பெயர் ஏட்டில் தவறு செய்தவர் பட்டியலில் ஏறாமல், வாய் திறந்தவர் பட்டியலில் ஏற வேண்டும்.